நாய்க் காலணி

நாய்க் காலணி என்பது நாயின் பாதத்தையும் அதை ஒட்டிய கீழ்க்காலையும் பனி, உப்பு, முள், சூடேறிய தரை, கூரிய கல், கண்ணாடித் துண்டு முதலியவற்றிலிருந்து காப்பதற்காக அணிவிக்கப்படும் உறை ஆகும். வடதுருவத்தை ஒட்டிய பனிநிலங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்காக உருவான இக்கருவி, பிற்காலத்தில் காவல்துறை நாய்களுக்கும் வீட்டு நாய்களுக்கும் பயன்படத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் பனிப்பொழிவு இல்லை. எனினும் விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் போன்ற வறண்ட பகுதிகளில் நாயின் பாதம் இரண்டு இடர்களை எதிர்கொள்கிறது. ஒன்று முள், மற்றொன்று சூடு. பனிக்கென வடிவமைக்கப்பட்ட காலணி இவ்விரண்டையும் அப்படியே தடுத்துவிடுவதில்லை. எந்த நிலத்தில், எதிலிருந்து, எவ்வளவு நேரம் காப்பு வேண்டும் என்பதைப் பொறுத்தே காலணியின் பயன் அமைகிறது. சில வேளைகளில் காலணி அணிவிக்காமல் இருப்பதே நாய்க்கு நல்லது.

பாதத்தின் அமைப்பு

நாய் விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. மனிதனைப் போல் குதிகாலைத் தரையில் பதிப்பதில்லை. ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல் திண்டுகளும், அவற்றின் பின்னால் நடுவில் பெரிய திண்டு ஒன்றும் உள்ளன. முன்னங்காலில் சற்று உயரத்தில், மணிக்கட்டுப் பகுதியில் மேலும் ஒரு சிறு திண்டு உண்டு. முன்னங்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாத ஐந்தாவது விரல் அமைந்துள்ளது. நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. முன்பாதம் பின்பாதத்தைவிடப் பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

திண்டின் வெளிப்புறம் தடித்த கெராட்டின் படலத்தால் ஆனது. அதன் அடியில் கொழுப்பும் மீள்தன்மை கொண்ட இழைகளும் நிறைந்துள்ளன. ஓடும்போதும் தாவும்போதும் ஏற்படும் அதிர்வை இவை தாங்குகின்றன. கரடுமுரடான நிலத்தில் நாள்தோறும் நடக்கும் நாயின் திண்டு தடித்து உறுதிப்படும். வீட்டினுள் பளிங்குத் தரையிலேயே வளரும் நாயின் திண்டு மென்மையாக இருக்கும். ஆகவே நகரத்தில் வளர்ந்த நாயை விடுமுறையில் கிராமத்திற்கு அழைத்துச் சென்று, ஒரே நாளில் காடு மேடெல்லாம் நடக்க விடுவது அதன் பாதத்தைப் புண்ணாக்கக்கூடும்.

திண்டுகளில் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஆனால் உடலின் வெப்பத்தை வெளியேற்றுவதில் இவற்றின் பங்கு மிகச் சிறிதே. நாய் தன் உடலைக் குளிர்விப்பது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமாகும்.

லாடத்திலிருந்து வேறுபாடு

உழவு மாடுகளுக்கும் வண்டி மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் லாடம் கட்டுவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். அவ்வாறே நாய்க்கும் ஏன் லாடம் கட்டுவதில்லை என்ற கேள்வி எழலாம். மாட்டின் குளம்பின் வெளிச்சுவர் நகத்தைப் போன்றது. அதில் நரம்போ குருதிக் குழாயோ இல்லை. எனவே அதில் ஆணி அறைந்தாலும் மாட்டிற்கு வலிப்பதில்லை. நாயின் திண்டோ உணர்ச்சியுள்ள தோலாகும். அதில் எதையும் அறையவோ நிலையாக ஒட்டவோ இயலாது. கழற்றி மாட்டக்கூடிய உறை மட்டுமே நாய்க்குப் பொருந்தும்.

குளிரும் பாதமும்

பனியின் குளிர்ச்சியைத் தடுக்கவே நாய்க்குக் காலணி தேவை என்று பலரும் கருதுகின்றனர். இது முழுமையாகச் சரியன்று. நாயின் பாதத்தில் எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் எனப்படும் இயற்கை அமைப்பு உள்ளது. இதயத்திலிருந்து வெதுவெதுப்பான குருதியைக் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, குளிர்ந்த குருதியைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் வலைபோல் பின்னியுள்ளன. தமனியின் வெப்பம் அருகிலுள்ள சிரைக்குக் கடத்தப்பட்டு உடலுக்கே திரும்புகிறது. இதனால் பாதத்தின் வழியே உடல் வெப்பம் வீணாவது குறைகிறது. சப்பானிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் நாயின் திண்டிலுள்ள இக்குருதிக் குழாய் வலையமைப்பு விளக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1972ல் வெளியான ஓர் ஆய்வு, நாயின் உறவு விலங்குகளான ஓநாயும் துருவ நரியும் கடுங்குளிரில் தம் பாதத்தைத் திசுக்கள் உறையும் நிலைக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ −1 பாகை செல்சியசில் வைத்துக்கொள்வதைக் காட்டியது.

அவ்வாறாயின் பனியில் காலணி எதற்கு? முதன்மையான காரணங்கள் மூன்று:

1. பனி உருண்டைகள்: விரல்களுக்கு இடையிலுள்ள மயிரில் ஈரப்பனி ஒட்டி, இறுகி உருண்டையாகிறது. காலணிக்குள் சிறு கல் கிடப்பதைப் போல இது ஒவ்வோர் அடியிலும் உறுத்தி, விரலிடைத் தோலைப் புண்ணாக்குகிறது.
2. தேய்மானம்: உருகி மீண்டும் உறைந்த பனியின் மேற்பரப்பு உப்புத்தாள் போல் சொரசொரப்பாகிறது. நெடுந்தொலைவு ஓடும் நாயின் திண்டு இதில் தேய்ந்து வெடிக்கிறது.
3. சாலை உப்பு: குளிர்நாட்டு நகரங்களில் பனியை உருக்க சோடியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளைச் சாலையில் தூவுகின்றனர். இவை திண்டை உலர்த்தி எரிச்சலூட்டும். நாய் பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள் சென்றும் தீங்கு விளைவிக்கும்.

கனடா, நோர்வே, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் நாய் வளர்க்கும் தமிழர்களுக்கு இம்மூன்றாவது காரணமே அன்றாடம் தொடர்புடையது. காலணி அணிய மறுக்கும் நாயாயின், வெளியே சென்று வந்தவுடன் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவித் துடைப்பது போதுமானது.

வரலாறு

வடதுருவப் பகுதியின் இனுவிட்டு மக்கள், இளவேனிலில் பனிக்கட்டியின் விளிம்புகள் கூர்மையாகும் காலத்தில், தம் வண்டி நாய்களுக்குச் சீல் எனப்படும் கடல் விலங்கின் தோலால் சிறு பைகளைத் தைத்து அணிவித்தனர்.

அலாசுக்காவின் நோம் நகரில் 1925ஆம் ஆண்டு தொண்டை அடைப்பான் நோய் பரவியது. அப்போது 20 வண்டியோட்டிகள் மாறி மாறி நாய்வண்டிகளைச் செலுத்தி, ஏறத்தாழ 1,085 கி.மீ. தொலைவை ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தனர். இந்நிகழ்வு பனிநில நாய்களை உலகறியச் செய்தது. அலாசுக்காவில் 1973ல் தொடங்கிய இடிட்டரோட் நாய்வண்டிப் பந்தயம் ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளமுடையது. இப்பந்தயத்தின் விதிகள், ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலணிகள் காலிலோ வண்டியிலோ இருக்க வேண்டும் எனக் கூறுகின்றன. ஒரு நாய்க்கு நான்கு கால்கள்தாம். மீதி நான்கு மாற்றுக்கு உரியவை. ஒரு வண்டிக் குழு பந்தயம் முடிவதற்குள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட காலணிகளைத் தேய்த்துத் தீர்ப்பதுண்டு.

இப்பந்தயக் காலணி மிக எளிமையானது. உறுதியான நைலான் துணியால் தைத்த சிறு பையும், மேலே இறுக்கிக் கட்ட ஓர் ஒட்டுப்பட்டையுமே அதன் உறுப்புகள். தனியான அடித்தளம் கிடையாது. ஓய்விடம் வந்ததும் வண்டியோட்டிகள் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று இவற்றைக் கழற்றுவது. கட்டு இறுகியிருந்தால் குருதியோட்டம் தடைப்பட்டுப் பாதம் வீங்கும் என்பதே இதற்குக் காரணம்.

வகைகள்

* துணிப்பை வகை: எடை குறைந்தது. பனி உருண்டையையும் தேய்மானத்தையும் தடுக்கும். முள்ளைத் தடுக்காது; சூட்டை ஓரளவே தடுக்கும்.
* இரப்பர் உறை வகை: ஊதாத பலூன் போன்றது. உப்பு, சேறு, ஈரம் ஆகியவற்றைத் தடுக்கும். காற்று புகாததால் வெப்ப நாட்டில் நெடுநேரம் அணிவிக்கத் தகாதது.
* அடித்தள வகை: தடித்த இரப்பர் அடித்தளமும் காற்றோட்டமுள்ள வலைத்துணி மேற்பகுதியும் கொண்டது. சூடேறிய தரைக்கும் கல் நிலத்திற்கும் ஏற்றது.
* காலுறை: கணுக்காலுக்கு மேல் முழங்கால் வரை செல்லும் உறை. ஆழ்ந்த பனியிலும் முட்புதரிலும் கீழ்க்காலைக் காக்கும்.
* மெழுகு: தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த பூச்சு. பனி ஒட்டாமலும் திண்டு வெடிக்காமலும் ஓரளவு காக்கும். முள்ளுக்கும் சூட்டுக்கும் இதனால் பயனில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில்

நிலம்

இவ்வட்டாரங்களில் பெரும்பகுதி கரிசல் நிலமாகும். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ.; அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றினால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிடைக்கிறது. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்து, அதன் விளிம்புகள் கல்போல் இறுகுகின்றன. சோளமும் மக்காச்சோளமும் அறுத்த நிலத்தில் எஞ்சும் கட்டைகள் கூர்மையானவை. மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியே செல்வதால் தார்ச்சாலையின் சூடும் இதனுடன் சேர்கிறது.

முள்

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. இந்தியாவிற்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட இம்மரம் கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவியுள்ளது. விறகும் மூட்டம் போட்டு எடுக்கும் கரியும் பலருக்கு வாழ்வாதாரமாக உள்ளன. மரத்தை வெட்டிய இடத்தில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த முள் மிதிவண்டிச் சக்கரத்தையும் துளைக்கவல்லது. இதனோடு உடைமுள், இலந்தை முள் ஆகியவையும் உண்டு. மழைக்குப்பின் தரையோடு படரும் நெருஞ்சியின் காய், எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும் அமைப்புடையது. ஊசிப்புல்லின் விதை விரலிடைத் தோலைத் துளைத்து உள்ளே நகர்ந்து செல்லக்கூடியது.

அறுவடை முடிந்த நிலங்களில் உரத்திற்காக ஆட்டுக்கிடை போடும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. கிடையைக் காவல் காக்கும் நாய் இரவில் பட்டியைச் சுற்றி வரும். பகலில் மந்தையுடன் முட்காடுகளில் நடக்கும். மேய்ப்பவர் பழைய வண்டிச் சக்கரத்தின் இரப்பரில் செய்த டயர் செருப்பை அணிந்திருப்பார். அச்செருப்பு முள்ளை மறிப்பது அதன் தடிமனால்தான். அதே தடிமனை நாயின் காலணிக்கு வைத்தால் விரல்கள் மடங்க இடமின்றி நாயால் ஓட இயலாது. தடிமனைக் குறைத்தால் முள் உள்ளே புகும். புகுந்த முள் காலணியோடு சேர்ந்து நிற்பதால் ஒவ்வோர் அடியிலும் மேலும் ஆழமாக இறங்கும். மேலும் மேய்ப்பவர் தம் செருப்பில் ஏறிய முள்ளைத் தாமே பிடுங்கிவிடுவார்; நாயால் அது முடியாது. இதுவே முள்நிலத்தில் நாய்க் காலணியின் அடிப்படைச் சிக்கலாகும். எனவே முட்காட்டில் நாள் முழுதும் திரியும் நாய்க்குக் காலணியைவிட, மாலைதோறும் பாதத்தை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்து முள் எடுப்பதே நம்பகமான பாதுகாப்பாகும். இதற்கு வீடுகளில் வைத்திருக்கும் முள்வாங்கியே போதும்.

சூடு

வெயிலில் தரையின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையைவிட மிக அதிகமாக இருக்கும். அமெரிக்காவில் 1970ல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்றின்படி, காற்று 25 பாகை செல்சியசாக இருந்தபோது வெயிலில் கிடந்த தார்ச்சாலை 52 பாகையாகவும், காற்று 31 பாகையாக இருந்தபோது சாலை 62 பாகையாகவும் இருந்தன. மனிதத் தோலில் 60 பாகை வெப்பம் ஏறத்தாழ ஐந்து நொடிகளில் தீப்புண் உண்டாக்கும் என்பது 1947ல் வெளியான ஆய்வின் முடிவு. நாயின் திண்டு தடித்தது என்பதால் சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் நாய் ஐந்து நொடிகளில் சாலையை விட்டு விலகிவிடுவதில்லை. அருப்புக்கோட்டைப் பகுதியில் கத்திரி வெயில் காலத்தில் பகல் வெப்பநிலை 38 பாகையைத் தாண்டுவது வழக்கம்.

குளிரை எதிர்கொள்ள உதவும் எதிரோட்ட அமைப்பு இங்கே பயன்படாது. அது உடலின் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும் அமைப்பு. தரையின் வெப்பம் திண்டைச் சுடுவதைத் தடுக்கும் அமைப்பு அன்று. அடித்தளமுள்ள காலணி உண்மையிலேயே பயன்படும் இடம் இதுவே. சாலையைக் கடந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, பேருந்து நிலையத்தில் காத்திருப்பது போன்ற குறுகிய நேரத் தேவைகளுக்கு இது உதவும்.

தரை நடக்க ஏற்றதா என அறிய, புறங்கையைத் தரையில் ஏழு நொடிகள் வைத்துப் பார்க்கலாம். கை தாங்கவில்லை எனில் நாயின் பாதமும் தாங்காது.

காலணி காக்காதவை

வெப்ப நிலத்தில் நாய்க் காலணி பற்றி அறிய வேண்டியவற்றுள் இது முதன்மையானது: காலணி தரையிலிருந்து பாதத்தைக் காக்கும், வெயிலிலிருந்து நாயைக் காக்காது.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு வரை இருக்கும். கடும் வெயிலில் ஓடும்போது இது 41 பாகையைக் கடந்தால் வெப்பத்தாக்கு ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம். காலணி இல்லாத நாய் சுடும் தரையில் நடக்க மறுக்கும். கால் மாற்றிக் கால் தூக்கும். நிழலைத் தேடி ஓடும். இவை நாய் தரும் எச்சரிக்கைகள். காலணி அணிவித்தபின் பாதம் சுடாததால் இவ்வெச்சரிக்கை மறைந்துவிடுகிறது. நாய் நன்றாக நடக்கிறது என எண்ணி உச்சிவெயிலில் நெடுந்தொலைவு அழைத்துச் செல்வது, பாதத்தைக் காத்து நாயை இழப்பதற்கு ஒப்பாகும். அடர்ந்த மயிர் கொண்ட சைபீரியன் ஹஸ்கி போன்ற பனிநில இனங்களை இப்பகுதியில் வளர்ப்போருக்கு இவ்விடர் மேலும் கூடுதலாகும்.

காலை சூரியன் ஏறுமுன்பும், மாலையில் தரை ஆறிய பின்பும் நடக்கச் செய்வதே எல்லாக் காலணிகளிலும் மேலான காப்பாகும். சூரியன் மறைந்த பின்னரும் தார்ச்சாலை சிறிது நேரம் சூட்டைத் தக்கவைத்திருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அளவெடுத்தலும் பழக்குதலும்

நாய் நின்ற நிலையில், பாதத்தில் எடை விழும்போது ஒரு தாளின் மீது அதன் பாதத்தை வைத்து, அகலத்தையும் நீளத்தையும் குறிக்க வேண்டும். முன்பாதத்தையும் பின்பாதத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கிலுள்ள இராசபாளையத்தின் பெயரைக் கொண்ட நாயினம் 2005 சனவரி 9 அன்று இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளில் இடம்பெற்றது. இவ்வினமும் சிப்பிப்பாறை இனமும் ஓட்டத்திற்கு உரிய மெலிந்த நீண்ட கால்களை உடையவை. பருத்த கால்களுடைய அயல்நாட்டு இனங்களின் அளவில் செய்த காலணி இவற்றிற்குத் தளர்ந்து கழன்றுவிடும்.

முதன்முறை அணிவிக்கும்போது நாய் காலை உயரத் தூக்கி உதறி நடக்கும். வீட்டினுள் சில நிமிடங்கள் மட்டும் அணிவித்து, தின்பண்டம் கொடுத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிப் பழக்கலாம். கட்டிய பட்டைக்கும் காலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இடம் இருக்க வேண்டும். ஐந்தாம் விரல் உராய்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியில் சென்று வந்ததும் கழற்றிப் பாதத்தை உலர்த்த வேண்டும்.

பழைய கால்சட்டைத் துணி, தார்ப்பாய், மிதிவண்டி டியூப் முதலியவற்றைக் கொண்டு வீட்டிலேயே தற்காலிகக் காலணி தைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை இரப்பர் வளையமோ நூலோ கொண்டு கட்டுதல் கூடாது. மயிரில் மறைந்துபோகும் இரப்பர் வளையம் தோலை அறுத்து, குருதியோட்டத்தை நிறுத்தி, காலையே இழக்கச் செய்யும்.

காயமும் முதலுதவியும்

நொண்டும் நாய்க்கெல்லாம் முள்தான் காரணம் என்று கொள்ளலாகாது. விரலிடையில் உண்ணி, நகம் பிளத்தல், சீழ்க்கட்டி, எலும்பு முறிவு ஆகியவையும் காரணமாகலாம். திண்டு இயல்புக்கு மாறாகத் தடித்து இறுகுவது, தடுப்பூசி போடாத நாய்களைத் தாக்கும் டிசுட்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

* முள் வெளியே தெரிந்தால் முள்வாங்கியால், அது புகுந்த திசையிலேயே நேராக இழுக்க வேண்டும். முனை முறிந்து உள்ளே தங்கினால் தோண்டாமல் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
* சுட்ட பாதத்தின் மீது குளிர்ந்த நீரைச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். பனிக்கட்டியை நேரடியாக வைக்கக் கூடாது.
* சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைப் புண்ணில் தடவக் கூடாது. நாய் அவற்றை நக்கிவிடும், புண்ணும் எரியும்.
* மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை மருத்துவர் கூறாமல் கொடுக்கக் கூடாது. இபுபுரூபன் போன்றவை நாய்க்கு நஞ்சாகும்.
* திறந்த புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். எனவே புண்ணைத் தூய்மையாக மூடி, நாள்தோறும் கட்டை மாற்ற வேண்டும்.

வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். பாதத்தைத் தொடுமுன் மென்மையான துணியால் வாயைத் தளர்வாகக் கட்டுவது நல்லது. இரைக்கும் நாய்க்கு இவ்வாறு கட்டக் கூடாது. பழக்கமில்லாத தெருநாயின் காலில் முள் எடுக்கச் சிறுவர்கள் முயலக் கூடாது. கடிபட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மருத்துவமனை செல்ல வேண்டும்.

பிற பயன்பாடுகள்

செருமனியின் டுசல்டோர்ஃப் நகரக் காவல்துறை 2008ல் தன் நாய்களுக்குக் காலணி வழங்கியது. பழைய நகரப் பகுதியின் தெருக்களில் உடைந்து கிடந்த கண்ணாடித் துண்டுகளே அதற்குக் காரணம். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரக் காவல்துறை 2018 கோடையின் வெப்ப அலையின்போது, சாலைச் சூட்டிலிருந்து காக்கத் தன் நாய்களுக்குக் காலணி அணிவித்தது. பனிநாடு எனக் கருதப்படும் சுவிட்சர்லாந்திலேயே சூட்டிற்காகக் காலணி தேவைப்பட்டது இங்கு குறிப்பிடத்தக்கது.

இதற்கு மாறாக, இடிந்த கட்டடங்களில் சிக்கியோரைத் தேடும் மீட்பு நாய்கள் பொதுவாகக் காலணி இன்றியே பணியாற்றுகின்றன. சரியும் இடிபாடுகளில் நகத்தாலும் விரல்களாலும் பற்றி ஏறுவது அவற்றிற்கு இன்றியமையாதது. காலணி அப்பிடிப்பைக் கெடுத்து நாயை வீழ்த்திவிடக்கூடும். இத்தகைய நாய்களுக்குப் பணிக்குப் பின் பாதங்களைக் கழுவிச் சோதிப்பதே வழக்கமான காப்பு முறையாகும்.